பறக்காத பூச்சி தந்த பட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வை, பேட்னி, சரிகை என்று பட்டு நெசவின் நுணுக்கங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நெசவாளர்கள் மணிக்கணக்கில் விளக்குவார்கள். ஆனால் அந்தப் பட்டு இழையை நூற்ற உயிரை நேரில் பார்த்தவர்கள் ஊரில் குறைவுதான். தறிக்கு வரும் நூலில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரி போன்ற மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள்.

காடு இல்லாத உயிர்

'பாம்பிக்ஸ் மோரி' என்பது, பட்டுப்புழு வளர்ந்து உருவாகும் அந்துப்பூச்சியின் அறிவியல் பெயர். வெளிறிய சந்தன நிறச் சிறகுகள், ரோமம் அடர்ந்த பருத்த உடல், சீப்பின் பற்களைப் போல் கிளைத்த உணர்கொம்புகள். சிறகு இருந்தும் பறக்காது. வளர்ந்த பூச்சி எதையும் உண்பதுமில்லை. சீனத்துக் காட்டு இனமொன்றிலிருந்து மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழக்கி எடுத்த உயிர் இது. இன்று இதற்குக் காட்டில் இடமில்லை. வளர்ப்பு மனைதான் வீடு.

பெண் பூச்சியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆண் தேடி வரும். அந்த வாசனைப் பொருளை 1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் கண்டறிந்தார். உலகில் முதன்முதலாக வேதியியல்ரீதியாக அடையாளம் காணப்பட்ட பூச்சி ஈர்ப்புப்பொருள் அதுவே.

முட்டை முதல் கூடு வரை

ஒரு பெண் பூச்சி சுமார் 400 முட்டைகள் இடும். பத்து நாட்களில் எறும்பளவே உள்ள கரிய புழுக்கள் வெளிவரும். மல்பெரி இலைதான் உணவு. நான்கு முறை தோலுரித்து, நான்கு வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு பெருகும். பிறகு இலையை விட்டுவிட்டுத் தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாட்களில் கூடு கட்டி முடிக்கும். நல்ல வெண்கூட்டில் ஒரே இழை 1,000 மீட்டர் வரை நீளும்.

அந்த இழையை ஒட்டி வைப்பது செரிசின் என்னும் பசை. உள்ளே கூட்டுப்புழு பூச்சியாக மாறியதும், ஒருவகைத் திரவத்தால் பசையை இளக்கி வெளியே வரும். அப்படி வந்தால் இழை அறுபடும். அதனால்தான் நூலுக்கான கூடுகளைப் பூச்சி வெளிவருமுன் வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். ஒரு கிலோ பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். சாயம் ஏற்றுமுன் நூலை வேகவைத்து நீக்குவதும் அதே பசையைத்தான். அது போன பிறகே பட்டு மின்னும்.

தாயைச் சோதிக்கும் வழக்கம்

விதைக்கென ஒதுக்கிய கூடுகளிலிருந்து மட்டும் பூச்சிகள் வெளிவந்து முட்டையிடுகின்றன. 1860களில் 'பெப்ரின்' நோய் பிரான்சின் பட்டுத் தொழிலை அழித்தபோது, முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோய் இருந்தால் முட்டைகளை அழித்துவிடும் முறையை லூயி பாஸ்டர் வகுத்தார். முட்டைகளை உற்பத்தி செய்யும் நம் வித்தகங்களில் இன்றும் அதுவே காவல்.

ஒரு பட்டுப்புடவைக்குள் ஆயிரக்கணக்கான உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றோடு புழு வளர்ப்போர், நூற்போர், சாயமிடுவோர், நெய்வோர் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. கலப்பட நூல் இவர்கள் அத்தனை பேரின் பிழைப்பையும் கெடுக்கிறது. முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிக்குப் போகிறவர்கள், மத்திய பட்டு வாரியம் 2004இல் தூய பட்டுக்கெனக் கொண்டுவந்த 'சில்க் மார்க்' முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய புடவையைத் தலைமுறைக்கும் பேணுங்கள்.