பீப் கேட்டால் பில்லில் ஏறியதா?

"ஸ்கேன் ஆகுது, சத்தமும் வருது, ஆனா பில்லுல அயிட்டம் ஏறல." கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்து மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. கடைக்காரர் முதலில் ஸ்கேனரைச் சந்தேகப்படுவார். அடுத்து, கவுன்டரில் பில் போடும் பெண்ணை. இருப்பு எடுக்கும்போது சரக்கு குறைந்தால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கும் கடைகளும் உண்டு. நான் போய்ப் பார்த்த வரையில், பெரும்பாலும் ஸ்கேனரும் சரியாக இருக்கும், அந்தப் பெண்ணும் சரியாகவே வேலை செய்திருப்பார். கோளாறு மென்பொருளில் இருக்கும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கடை வைத்திருப்பவர்களும் கவுன்டரில் வேலை பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைகளில் இருக்கும் சாதாரண யுஎஸ்பி ஸ்கேனரைப் பொறுத்தவரை கணினிக்கு ஒன்று மட்டும்தான் தெரியும்: இன்னொரு கீபோர்டு மாட்டியிருக்கிறார்கள். ஸ்கேனர் கோடுகளைப் படித்து, அதிலுள்ள 13 இலக்கங்களை மிக வேகமாகத் தட்டச்சு செய்து, கடைசியில் எண்டர் தட்டுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சோப்பை ஸ்கேன் செய்யுங்கள். எண் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில் இருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், 1974 ஜூன் 26 அன்று ஒரு ரிக்லி சூயிங்கம் பொட்டலம் கவுன்டரில் ஸ்கேன் செய்யப்பட்டது. கடைகளில் இன்று நாம் பார்க்கும் பார்கோடு முறையின் முதல் விற்பனை அதுதான். பிறகு சாதாரண கணினிகள் கடைகளுக்கு வந்தபோது, கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவில் செருகும் ஸ்கேனர்கள் வந்தன. எந்த மென்பொருளையும் மாற்றாமல் அப்படியே பயன்படுத்தலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. இன்றைய தொல்லைகளுக்கும் அந்த வசதிதான் வேர். கீபோர்டு என்றால், கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எழுத்து விழும்.

கர்சர் அளவுக் கட்டத்தில் நிற்கும்போது ஸ்கேன் செய்தால் 8901234567890 சோப்புக்கு பில் போடச் சொல்லும். 8 லட்சத்து 90 ஆயிரம் கோடி சோப்பு! இதை யாரும் கவனித்துவிடுவார்கள், ஆகவே நஷ்டம் வராது. கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. வாடிக்கையாளரின் கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் கர்சர் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கட்டம் 10 இலக்கம்தான் வாங்கும். பார்கோடின் முதல் 10 இலக்கங்கள் 8901234567 என்று போய் உட்காரும். 8-இல் தொடங்கும் 10 இலக்கம் என்பதால் செல்போன் எண்ணாகவே மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். பீப் கேட்டது, பொருள் பைக்குள் போனது, பில்லில் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றை ஒரு கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேறொருவர் எழுதிய மென்பொருள். "ஸ்கேனரை மாத்திருவோமா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் சார் பையில போடுறேன்" என்றார் பில் போடும் பெண். அவர் கை நிற்கவே இல்லை. புதிதாக வந்த ஒரு ஊறுகாய் பாட்டில் பட்டியலில் ஏற்றப்படவில்லை. ஸ்கேன் செய்ததும் திரையின் நடுவில், 'இந்தப் பொருள் இல்லை' என்று ஒரு பெட்டி வந்து, எண்டருக்காகக் காத்து நின்றது. அந்தப் பெண்ணின் கண் திரையில் இல்லை, அடுத்துக் கையிலெடுத்த பிஸ்கட் பாக்கெட்டில் இருந்தது. அதையும் ஸ்கேன் செய்தார். 13 இலக்கங்களும் அந்தப் பெட்டியின் மேல் விழுந்து வீணாயின. கடைசியில் ஸ்கேனர் தட்டிய எண்டர் பெட்டியை மூடிவிட்டது. திரை பழையபடி சுத்தமாக இருந்தது. இரண்டு பீப் கேட்டது, இரண்டு பொருள் பைக்குள் போயின, பில்லில் ஒன்றுகூட இல்லை.

ஸ்கேனர் எழுப்பும் பீப், கோடுகளைப் படித்துவிட்டேன் என்று மட்டுமே சொல்கிறது. கணினி வாங்கிக்கொண்டதா, தரவுத்தளத்தில் பொருள் கிடைத்ததா, பில்லில் வரி ஏறியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது மென்பொருளின் கடமை. நான் எழுதும் மென்பொருளில் பில்லில் வரி ஏறிய பிறகு கணினி தன் பங்குக்கு ஒரு சத்தம் கொடுக்கும். பொருள் கிடைக்காவிட்டால் முற்றிலும் வேறொரு கனத்த சத்தமும், திரையின் மேலே சிவப்புப் பட்டையும் வரும். எண்டர் தட்டினால் அந்தப் பட்டை போகாது. ஸ்கேனர் ஒருபோதும் அனுப்பாத எஸ்கேப் விசையைத் தட்டினால்தான் போகும். அதற்குள் அடுத்த பொருளை ஸ்கேன் செய்தால் கனத்த சத்தம் மறுபடியும் எழும்.

கர்சர் பிரச்சினைக்கும் வழி உண்டு. ஸ்கேனரோடு வரும் கையேட்டில் சில அமைப்பு பார்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால், யாரும் கையால் தட்டாத ஒரு சிறப்புக் குறியைச் சேர்த்து அனுப்பும்படி ஸ்கேனரை அமைக்கலாம். மென்பொருள் அந்தக் குறியைக் கண்டதும், எண்டர் வரும் வரையிலான எல்லாவற்றையும் எந்தக் கட்டத்திலும் விழ விடாமல் தனியே பிடித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதுபவர்கள் படிவத்தின் 'கீ ப்ரிவ்யூ' என்ற அமைப்பை இயக்கினால், தட்டும் ஒவ்வொரு விசையும் முதலில் படிவத்துக்கும் பிறகுதான் கட்டத்துக்கும் போகும். சிலர் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். மனித விரலால் அந்த வேகத்தில் தட்ட முடியாது என்பது கணக்கு. ஆனால் கம்பியில்லா ஸ்கேனரில் வேகம் சீராக இருக்காது என்பதால், அதை மட்டும் நம்ப நான் தயாரில்லை. ஸ்கேனர் அனுமதித்தால் அதைக் கீபோர்டாக இல்லாமல் சீரியல் போர்ட்டாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அப்போது எண் நேராக மென்பொருளுக்கு வரும், கர்சர் எங்கே நின்றாலும் கவலையில்லை.

அடுத்தது வேகம். பெரிய கடைகளில் தரவுத்தளம் உள்ளறைக் கணினியில் இருக்கும், கவுன்டர்கள் நெட்வொர்க் வழியாகத் தேடும். ஒரு பொருளைத் தேடி முடிப்பதற்குள் அடுத்த பொருளின் எண் வந்துவிட்டால், சரியாக எழுதப்படாத மென்பொருளில் இரண்டும் ஒட்டி 26 இலக்கமாகிவிடும், இல்லையென்றால் நடுவில் சில இலக்கங்கள் விழுந்துபோகும். ஓட்டலில் ஆர்டர் எடுப்பவரே அடுப்படிக்குப் போய் தோசை வார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த மேசையை யார் கவனிப்பது? எண்ணை வாங்கி வரிசையில் போடும் வேலை தனியாகவும், வரிசையிலிருந்து எடுத்துத் தேடும் வேலை தனியாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கம் விழும்போதும் தேடக் கூடாது, எண்டர் வந்த பிறகே தேட வேண்டும்.

வந்த எண் முழுமையானதா என்று சோதிக்கும் வழி பார்கோடுக்குள்ளேயே இருக்கிறது. 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. 890123456789 என்ற முதல் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல் 28. இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 34, அதை 3-ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் 13-ஆவது இலக்கம். இங்கே 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் அது 0. ஏதாவது ஓர் இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு உதைக்கும். ஸ்கேனர் இதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறது என்றாலும், வழியில் தொலைந்ததைப் பிடிக்க மென்பொருளும் மறுபடி பார்க்க வேண்டும்.

தரவுத்தளத்தில் பார்கோடை எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமிக்க வேண்டும். நாம் யாரும் பார்கோடைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். ஆக்சஸின் வழக்கமான முழு எண் 214 கோடியே சொச்சத்தோடு நின்றுவிடுவதால், 13 இலக்கம் அதில் அடங்கவும் அடங்காது.

நம் ஊர்க் கடைகளுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று எம்.ஆர்.பி. விலை ஏறிய பிறகும் பழைய சரக்கு அலமாரியில் இருக்கும். இரண்டு விலைக்கும் பார்கோடு ஒன்றே. 'ஒரு பார்கோடு, ஒரு விலை' என்று எழுதப்பட்ட மென்பொருள் யாராவது ஒருவரை ஏமாற்றும். இரண்டு விலையையும் திரையில் காட்டிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் பெட்டியும் ஸ்கேனரின் எண்டருக்கு மசியக் கூடாது.

இன்னொன்று தமிழ் விசைப்பலகை. பொருளின் பெயரைத் தமிழில் ஏற்றுவதற்காகத் தமிழ்99-ஐ இயக்கிவிட்டு மறந்துபோனால், கடைக்காரர் தாமே அச்சிட்ட ஆங்கில எழுத்து பார்கோடுகள் உருமாறும். ஸ்கேனர் அனுப்புவது விசையைத்தான். தமிழ்99-இல் ஆங்கில 'எச்' விசை 'க' ஆகும், 'கே' விசை 'ம' ஆகும். தரவுத்தளத்தில் அப்படி ஒரு பொருள் இருக்காது. சொந்தமாக பார்கோடு அச்சிடுபவர்கள் வெறும் இலக்கங்களையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வராது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளை வாங்கும் முன் உங்கள் கடைச் சரக்கோடு போய் நீங்களே சோதியுங்கள். பட்டியலில் இல்லாத பொருளை ஸ்கேன் செய்து, திரையைப் பார்க்காமல் உடனே அடுத்ததை ஸ்கேன் செய்யுங்கள். கர்சரைக் கைபேசி எண் கட்டத்தில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பத்துப் பொருளை மூச்சு விடாமல் ஸ்கேன் செய்து, பில்லில் பத்தும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இவற்றில் தேறாத மென்பொருளை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கும் வரை, குறைந்த சரக்குக்காகக் கவுன்டரில் இருப்பவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள்.