உணர்வில்லாத வெளிர் படை

செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து செதுக்கிய ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். கல்லுக்கு மாற்றுத் தோல் கிடையாது; நமக்கு உண்டு. அடியில் பிறக்கும் செல்கள் மேலேறி, இறந்து, சுமார் 4 வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன.

அழகுக்கலை மாணவிகளுக்கு இது முதல் பாடம். இரண்டாவது பாடம் தொழுநோய்.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டார். மகா சோம்பேறிக் கிருமி! குடலில் வாழும் ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ ஏறக்குறைய இரண்டு வாரம். குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும் என்பதால் தோலிலும், தோலை ஒட்டிய நரம்புகளிலும் குடியேறுகிறது. பெரும்பாலானோரை அவர்களது நோய் எதிர்ப்பாற்றலே காத்துவிடுகிறது. மற்றவர்களில், செல்வழி எதிர்ப்பு வலுவாக இருந்தால் ஓரிரு படைகள்; பலவீனமானால் உடலெங்கும் பரவல். கிருமி ஒன்றுதான், உடம்பு தரும் பதில் வேறு.

செங்கல்பட்டு திருமணியில் 1940களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளால் சிகிச்சை அளித்தார். அங்கே 1955 முதல் மத்தியத் தொழுநோய் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. இன்று கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம் உட்கொண்டால் நோய் குணமாகும். அரசு இலவசமாகவே தருகிறது.

அழகு நிலையத்துக்கு வந்த வாடிக்கையாளர் கையில் வெளிறிய படை. பஞ்சு நுனியால் தொட்டால் தெரியவில்லை என்கிறார். ப்ளீச் டப்பாவை மூடிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்வதே சரி. முகத்தில் மட்டும் எச்சரிக்கை: அங்கே படை இருந்தும் உணர்வு மங்காமல் இருக்கலாம்.