நடுநிசியில் கால்வாயைக் கவனிக்கும் குட்டிக் கணினி

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை விடாமல் கொட்டியது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கிப்போனது. மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி மீட்புப் படகுக்காகப் பலர் காத்திருந்தார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் நீடித்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உங்களில் சிலர் அந்த இரவை நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

வெள்ளத்தை ஒரு வீட்டுக்காரரால் நிறுத்த முடியாது. ஆனால் தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே தெரிந்துவிட்டால் என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசியுங்கள். பாட்டியை மாடிக்கு அழைத்துப் போகலாம். காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தலாம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வைக்கலாம்.

வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் ஆறுகளில் அளவீட்டு நிலையங்களை வைத்திருக்கிறது. வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று படிப்படியாக எச்சரிக்கும் அந்த அளவுகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறுதான் பல வளைவுகள் கடந்து கிள்ளான் நகருக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது. கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழையும் பெய்தால் ஆற்றுநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். இதையெல்லாம் ஜேபிஎஸ் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் வீட்டு முன்கால்வாய் குப்பையால் அடைத்துக்கொண்டிருப்பது ஆற்றில் இருக்கும் கருவிக்குத் தெரியாது. அந்த வேலையை நீங்களே செய்யலாம்.

கைப்பேசியைத் தட்டினால் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும் என்பதைத்தான் வீட்டுத் தானியக்கம் என்று பலர் காட்டுகிறார்கள். இரண்டு நாள் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அங்கே முடிவெடுப்பது நீங்கள்தான். சுவிட்ச் மட்டும் சுவரிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. உண்மையான தானியக்கத்தில் கருவியே உணர வேண்டும், கணக்குப் போட வேண்டும், செயல்பட வேண்டும். அதுவும் நீங்கள் தூங்கும்போது.

இதற்கு ஏற்ற கணினி ராஸ்பெர்ரி பை. கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களிடம் நிரல் எழுதிய அனுபவம் குறைந்து வருவதைக் கண்டு, கேம்பிரிட்ஜில் எபென் அப்டனும் நண்பர்களும் உருவாக்கிய மலிவுக் கணினி இது. 2012 பிப்ரவரி 29-இல் 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 2021-இல் வந்த ஸீரோ 2 டபிள்யூ என்ற வகை சூயிங்கம் பாக்கெட் அளவுதான் இருக்கும். அறிமுக விலை 15 டாலர். நம் திட்டத்துக்கு அதுவே தாராளம். வாங்கும்போது ஊசிமுனைகள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட பலகையாகக் கேளுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உணரி, மின்தடை, பஸர் எல்லாம் அங்கே கிடைக்கும்.

தண்ணீர் மட்டத்தைத் தண்ணீரைத் தொடாமலே அளக்கப் போகிறோம். வௌவால் செய்யும் அதே வேலைதான். மீயொலி உணரி நொடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பும். நம் காதுக்கு அது கேட்காது. நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கணினி அளக்கும். ஒலி போய்த் திரும்புவதால், நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நிரல்கள் ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்திருக்கும். அது 20 பாகை வெப்பநிலைக்கு உரியது. நம் ஊர்க் காற்று 30 பாகையில் இருக்கும்போது வேகம் ஏறக்குறைய 349 மீட்டர். எதிரொலி 0.004 நொடியில் திரும்பினால் தூரம் சுமார் 70 சென்டிமீட்டர். 343 என்று போட்டால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். பெரிய பிழை அல்ல, ஆனாலும் அடுத்தவர் எழுதிய நிரலை அப்படியே ஒட்டுவதற்கு முன் அது எந்த ஊர்க் காற்றுக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இணைப்பில் ஒரே ஒரு கண்ணி உண்டு. பல மீயொலி உணரிகள் 5 வோல்ட்டில் இயங்கி, எதிரொலிச் செய்தியையும் 5 வோல்ட்டிலேயே அனுப்பும். ராஸ்பெர்ரி பையின் ஊசிமுனை தாங்குவதோ 3.3 வோல்ட். நேரே இணைத்தால் பலகை பாழாகலாம். தொடர்சுற்றில் மின்னழுத்தம் பங்கிடப்படும் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது இங்கே கைகொடுக்கிறது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளை வரிசையாக இணைத்து, 2 கிலோ ஓம் மின்தடையின் குறுக்கே எடுத்தால் ஐந்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும்.

உணரியை ஒரு பிவிசி குழாயின் முனையில், முகம் கீழ்நோக்கி இருக்கும்படி கால்வாய்க்கு மேலே பொருத்த வேண்டும். மழை படும் இடம் என்பதால் நீர்புகா வகை நல்லது. ஆனால் அந்த வகை, 25 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்ட பொருளைச் சரியாக அளக்காது. அதனால் கால்வாய் விளிம்புக்கு 40 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். கால்வாய் ஆழம் 80 சென்டிமீட்டர் என்றால், அடித்தளம் வரை உள்ள தூரம் 120 என்று உணரி காட்டும்.

இனி நிரல். பைத்தான் மொழியில் நாற்பது, ஐம்பது வரிகள் போதும். ஒரு முறை அளந்து நம்பிவிடாதீர்கள். மிதந்து வரும் இலையிலும் நெகிழிப் பையிலும் ஒலி பட்டுத் திரும்பும். ஒன்பது முறை அளந்து, ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் உள்ள எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தப்பான எண் சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை இழுக்காது.

அடுத்து, வெறும் மட்டத்தை விட மட்டம் ஏறும் வேகம் முக்கியம். பத்து நிமிடத்துக்கு முன் 95 காட்டியது, இப்போது 85 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது. விளிம்பு இருப்பது 40-இல். மிச்சம் 45 சென்டிமீட்டர். ஆக, இதே வேகம் நீடித்தால் 45 நிமிடம். 'இன்னும் 45 நிமிடம்' என்று கைப்பேசிக்கு வரும் செய்திக்கும் 'தண்ணீர் உயர்ந்துள்ளது' என்ற செய்திக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

60-ஐத் தொட்டால் பஸர் ஒலிக்கட்டும். ஆனால் 61 ஆனதும் நிறுத்தச் சொன்னால், அலையடிக்கும் நீர் 60-க்கும் 61-க்கும் இடையே ஆடும்போதெல்லாம் பஸர் விட்டுவிட்டு அலறும். அப்பா எரிச்சலில் வயரைப் பிடுங்கிவிடுவார். 60-இல் தொடங்கி, 70-க்குத் தண்ணீர் இறங்கிய பிறகே நிறுத்துங்கள். குளிர்பதனப் பெட்டி அடிக்கடி ஓடி நிற்காமல் இருப்பதும் இதே உத்தியால்தான்.

இதுவரை எல்லாம் எளிது. வெள்ளம் வரும்போது வேறு என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிப்பதுதான் கடினமான பாடம். தண்ணீர் ஏறும் வட்டாரங்களில் பாதுகாப்புக்காக மின்சாரம் துண்டிக்கப்படும். மின்சாரம் போனால் வைஃபையும் போகும், கைப்பேசிக்குச் செய்தி வராது. அதனால் கணினி பவர்பேங்க்கில் ஓட வேண்டும். இந்தச் சிறு கணினி ஒரு வாட் அளவுக்கே மின்சாரம் எடுப்பதால் 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர்பேங்க் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். மின்னூட்டம் ஏறும்போதே மின்சாரம் கொடுக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். பஸர் இணையத்தை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே, படுக்கையறை வாசலில் ஒலிக்க வேண்டும். கணினி தரையில் அல்ல, தலைக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும்.

உணரியின் வயர் அறுந்துவிட்டால்? எண் எதுவும் வராது. எண் வராததை 'ஆபத்தில்லை' என்று நிரல் எடுத்துக்கொண்டால் அந்தக் கருவி இல்லாமல் இருப்பதே மேல், ஏனென்றால் அதை நம்பி எல்லோரும் தூங்கியிருப்பார்கள். ஐந்து நிமிடம் சரியான எண் வராவிட்டாலும் பஸர் ஒலிக்கும்படி எழுதுங்கள்.

வீட்டின் 230 வோல்ட் மின்கம்பிகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. நம் கருவி முழுவதும் 5 வோல்ட்டுக்குள் அடங்கும். மழை பெய்யும்போது கால்வாய்ப் பக்கம் போய் எதையும் சரிசெய்யவும் வேண்டாம். சோதனையை வெயில் நாளில், வீட்டுக்குள், ஓர் உயரமான வாளியில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். எல்லா எண்களையும் வாளியின் ஆழத்துக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கருவி சொல்லும் நிமிடத்தில் வாளி நிரம்புகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பிறகு உணரியின் வயரைக் கழற்றிவிட்டு, பஸர் ஒலிக்கிறதா என்றும் பாருங்கள்.