சிரிக்கவைக்கும் பொம்மை, போகாத பயம்

1975 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘டிரிலஜி ஆஃப் டெரர்’ ஒளிபரப்பானது. தனித்தனியாக மூன்று திகில் கதைகள். மூன்றிலும் நாயகி கேரன் பிளாக். சிறுவயதில் பார்த்தவர்கள் இன்றும் சொல்வது ரிச்சர்ட் மாதிசனின் மூன்றாவது கதையைத்தான். இடுப்புச் சங்கிலி கழன்றதும் ஒரு வேட்டைக்காரப் பொம்மைக்கு உயிர் வந்துவிடுகிறது. கத்தியோடு வீட்டுக்காரியைத் துரத்துகிறது. பெட்டிக்குள் அடைத்தால் உள்ளிருந்தே வட்டமாக அறுக்கிறது. இன்று திரும்பப் பார்த்தால், பொம்மையை யாரோ ஆட்டுவது அப்பட்டமாகத் தெரிகிறது, ‘இதற்கா பயந்தோம்?’ என்று சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்பை வைத்து, அன்றைய பயம் வெறும் அசட்டுத்தனம் என்று முடிவுகட்ட முடியாது.

சின்னப் பிள்ளைகள் ஆபத்தை எடைபோடுவது பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேன்டர் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்டது ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரை. ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருபவன். ஆனாலும் சாதுவான மனிதர் பச்சை ராட்சதனாக மாறும் இடத்தில்தான் மழலையர் வயதுப் பிள்ளைகள் மிரண்டார்கள். சற்றுப் பெரியவர்களோ அதற்கு முன்பே, நாயகன் ஆபத்தில் சிக்கியபோது பயந்தார்கள். ஊசிப் பற்கள் தெரிய வாய் பிளந்த பொம்மை நான்கு வயதுக்குத் தோற்றத்தாலேயே ஆபத்து. பத்து வயதுக்கோ, பூட்டிய வீட்டுக்குள் தரையோடு தரையாக ஓடிவருகிறதே, அதுதான் கலக்கம்.

வளர்ந்தபின் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம், நியாயம்தான். கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 153 மாணவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் நெடுநாள் நீடித்த திரைப்பயம் ஒன்றைச் சொன்னார்கள். மொத்தத்தில் கால்வாசிப் பேருக்கு அது அப்போதும் முழுதாக விடவில்லை. எல்லாமே நினைவிலிருந்து சொன்னவை, பிசகு இருக்கும். ஆனால் ஹல்க் சோதனையில் பிள்ளைகளைப் பார்க்கவைத்து அங்கேயே விசாரித்தார்கள். அந்தப் பயம் பின்னாளில் புனைந்ததாக இருக்க முடியாது. மேலும், நடந்ததை விவரமாக நினைவில் வைக்க மூளையின் ஹிப்போகாம்பஸ் வேண்டும். ஆபத்து என்று உடலை உதறவைப்பது அமிக்டலா. நரம்பியலாளர் ஜோசப் லெடூவின் ஆய்வுகள் தெளிவாக்கிய இந்த வேலைப்பிரிவினையால், கதை மங்கிய பிறகும் பதற்றம் மிஞ்சலாம்.

மறுபடி பார்த்துச் சிரித்துவிட்டால் தீர்ந்துவிடாதா? ஓரளவு தணியும், அழியாது. ‘இது ஆபத்தில்லை’ என்ற புதுப்பாடம் பழையதன்மேல் படிகிறது, அவ்வளவுதான். பாவ்லோவின் நாய்களிடமே, விட்டுப்போன பழக்கம் இடைவெளிக்குப் பின் தலைகாட்டியது. புதுப்பாடம் கற்ற சூழலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை மார்க் பூட்டனின் எலிச் சோதனைகள் காட்டின. பட்டப்பகலில் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவர் நள்ளிரவில் விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்தால் அதில் முரண் ஏதுமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மிரண்டுபோன நான்கு வயதுப் பிள்ளையிடம் ‘வெறும் பொம்மைதானடா’ என்று வாதாடாதீர்கள். அந்த வயதில் விளக்கத்தைவிட, அணைத்துக்கொள்வதும் குடிக்க ஏதாவது கொடுப்பதும் பக்கத்தில் இருப்பதும்தான் எடுபடும். பொம்மையை ஆட்டியது யார் என்ற விளக்கத்தை எட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.