மலைக் குளங்களுக்கு ஏற்ற மீன் எது?

அருவங்காடு, குன்னூர், கேத்தி முதலிய இடங்களை அடுத்த கிராமங்களில், காய்கறித் தோட்டங்களுக்கு ஜலம் தேக்கும் சிறு குளங்கள் உண்டு. அவற்றில் மீன் வளர்த்து வருமானம் தேட விரும்பும் கூட்டுறவுச் சங்கத்தார், குஞ்சு வாங்குமுன் ஜலத்தின் தன்மையை ஆராய்தல் அவசியம். ஒவ்வாத மீனை விட்டால் அங்கத்தினர்களின் பங்குப் பணமே நஷ்டமாகும்.

சமவெளிக் குளங்களில் செழிக்கும் கட்லா, ரோகு ஆகியவை வெப்ப ஜலத்து மீன்கள். குளிர்ந்த ஜலத்தில் அவை சரிவர இரை தின்னா. ஆகையால் வளர்ச்சி குன்றும். தேங்கிய குளத்தில் அவை தாமாக இனம் பெருக்குவதும் இல்லை.

டிரவுட் மீன் குளிர்ச்சியை விரும்புவதே. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் அதனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஹெச். ஸி. வில்ஸன் செய்த முயற்சியே வெற்றி கண்டது. அவலாஞ்சியில் பொரிப்பகமும் ஏற்பட்டது. ஆயினும் இம்மீனுக்கு இடைவிடாது ஓடும் தெளிந்த ஜலம் வேண்டும். கோடையில் வற்றிச் சூடேறும் தேக்கக் குளம் இதற்கு உதவாது.

கிராமக் குளத்திற்கு ஏற்றது கண்ணாடிக் கெண்டையேயாகும். 1939-ம் வருஷம் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டு உதகமண்டலம் ஏரியில் விடப்பட்ட இம்மீன் அங்கே நன்கு பெருகிற்று. 1947-ம் வருஷம் இங்கிருந்து குமாவுன் மலையிலுள்ள பீம்தாலுக்கும் கொண்டுபோகப்பட்டது. இதன் உடலில் பெரிய செதில்கள் சிலவே காணப்படும். குளிரைப் பொறுக்கும், தேங்கிய ஜலத்திலும் வாழும். புழு, பூச்சி, தழை, தவிடு, புண்ணாக்கு யாவும் இதற்கு இரையாகும். கரையோரச் செடிகளில் ஒட்டும்படி முட்டையிடுவதால், பாசியும் புல்லும் ஓரளவு இருக்க விடவேண்டும்.

குஞ்சு விடுமுன் குளத்தை வடித்து, சேற்றில் சுண்ணாம்பு தூவுக. மழைக்காலத்தில் மீன் தப்பிப் போகாதபடி வடிகாலில் கம்பி வலை பொருத்துக. இவ்வேற்பாடு சங்கத்தின் லாபத்திற்கு மாத்திரமன்று. கண்ணாடிக் கெண்டை சேற்றைக் கிளறி ஜலத்தைக் கலக்கும். ஓடையில் புகுந்தால் அங்குள்ள மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். காஷ்மீரத்துத் தால் ஏரியில் 1950-களில் இவ்வினம் புகுத்தப்பட்ட பின்னர், அவ்விடத்துச் சுதேச மீன்கள் குறைந்துபோயின.

மேட்டுத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சி மருந்து மழையோடு இறங்கினால் ஒரே இரவில் மீன்கள் மடியக்கூடும். ஆதலால் குளத்தின் மேற்புறம் சிறு வரப்பும், ஜலத்தை வேறு திசையில் திருப்பும் வாய்க்காலும் அமைத்தல் நலம்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம் குற்றமென விதித்தது. வெடியினால் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் அழியும். அகன்ற கண்ணுள்ள வலையினால் பிடித்தால், சிறு மீன்கள் தப்பி மறு வருஷத்து மகசூலாகும். ஒருவருடைய அவசரத்தால் அழிவது அனைவருடைய முதலே என்பதை அங்கத்தினர்கள் உணர்ந்து, குளத்தைக் காவல் செய்யும் பொறுப்பை முறைவைத்து ஏற்றுக்கொள்வார்களாக.