ரேஷன் கடையில் ‘ரேகை விழல...’ சித்தாள், பீடி தொழிலாளர்கள் அல்லாட்டம்! மிஷினில் நடப்பது என்ன?

ரேஷன் கடை கியூவில் ஒரு மணி நேரம் நின்று, மிஷினில் விரலை வைத்ததும் ‘‘ரேகை விழலக்கா, நாளைக்கு வாங்க’’ என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அரிசியும் இல்லை, மறுநாள் கூலியும் போச்சு. பல ஊர்களில் மாசாமாசம் நடக்கிற கூத்து இது.

தமிழ்நாட்டில் பழைய ரேஷன் புத்தகம் போய் ஸ்மார்ட் கார்டு வந்தது 2017-ல். கார்டை ஸ்கேன் செய்தால் போதும், சாமான் கிடைத்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தொடங்கியபோது விரல் ரேகை வைக்கும் முறை வந்தது. அடுத்தவர் கார்டில் பில் போடுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

விரலை வைத்ததும் மிஷின் ரேகையைப் பதிவு செய்யும். உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக அது ஆதார் கம்ப்யூட்டருக்குப் போகும். ஏற்கனவே நீங்கள் கொடுத்த ரேகையோடு ஒத்துப் பார்த்து ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும். ‘ஆமாம்’ வந்தால் பில்.

இதில் எங்கே இடறினாலும் கடையில் சொல்வது ‘சர்வர் இல்லை’ என்றுதான். ஆனால் சர்வர் கோளாறு வேற, ரேகை கோளாறு வேற. சிக்னல் இல்லாவிட்டாலோ, மாச ஆரம்பத்தில் எல்லா கடையும் ஒரே நேரத்தில் பில் போட்டு சர்வர் திணறினாலோ, யார் விரலை வைத்தாலும் நகராது. காத்திருந்தால் சரியாகும். முன்னால் நின்றவருக்கு பில் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையா? அது பெரும்பாலும் விரல் பிரச்சினை. மறுநாள் வந்தாலும் அதே கதைதான்.

சிமெண்டில் இருக்கும் காரம் தோலை அரிக்கும். செங்கல் தூக்கினால் ரேகை தேயும். பீடி சுற்றுகிறவர்கள், வீட்டு வேலையில் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் இதே கதி. வயசானால் தோல் வறண்டு கோடுகள் மங்கிவிடும். உழைத்த கைதான் மிஷினுக்கு ஆகவில்லை!

பாட்டிமார் விரலைத் தலையில் தேய்த்துவிட்டு வைப்பதைப் பார்த்து சிரிக்க வேண்டாம். காய்ந்த விரல் சரியாகப் பதியாது, லேசான எண்ணெய்ப் பசை உதவும். சொட்டச் சொட்ட இருந்தால் கோடுகள் கலந்து அதுவும் கெட்டது. மிஷின் கண்ணாடியைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கட்டை விரல்தான் வைக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆதாரில் பத்து விரலும் இருக்கு, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். கார்டில் பேர் உள்ள வேறு ஒருவரும் வைக்கலாம்.

அப்புறமும் விழலையா? ஆதாரில் கொடுத்த செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரவழைக்கலாம். கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் கண்ணைக் காட்டலாம். நடக்க முடியாத முதியோர் அங்கீகாரச் சான்று படிவம் கொடுத்து வேறு ஆளை அனுப்பலாம்.

ரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக சாமான் மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆதார் இணைக்கவில்லை என்று ரேஷன் நிறுத்தப்பட்ட ஜார்க்கண்ட் குடும்பத்தில் 11 வயது சிறுமி பட்டினியால் இறந்ததாக எழுந்த சர்ச்சைக்குப் பிறகு வந்த உத்தரவு அது. இது கியூவில் நிற்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

விற்பனையாளரிடம் சண்டை போட்டு லாபமில்லை. மிஷினை அவர் செய்யவில்லை, திட்டு மட்டும் அவருக்கு. ‘‘ஓ.டி.பி. போடுங்கண்ணே’’ என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் 1967-க்கு போன் போட்டு புகார் சொல்லலாம்.

அடிக்கடி இப்படி ஆனால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுசாகப் பதிந்துகொள்ளலாம், செல் நம்பரையும் அப்போதே சரிபார்க்கலாம். சித்தாள் வேலை பார்க்கிறவர்கள் சில நாள் சிமெண்டில் கை வைக்காமல் இருந்துவிட்டுப் போனால் ரேகை தெளிவாக விழும்.