டிகிரியில் மார்க் குறைந்தால் டாக்டர் படிப்பு முடியாதா?



சென்ற மாதம் ஒரு தாயும் மகளும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர். இரண்டு அரியர் வைத்து எழுதித் தேறியதில் மொத்தம் 54 சதவீதம். "சின்ன வயசுலேர்ந்து டாக்டர் ஆகணும்னு சொல்றா பாய். இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு எங்கே போறது? அமெரிக்காவுல இருக்கிற என் தம்பிகூட, காலேஜ் மார்க் குறைஞ்சா மெடிக்கல் கிடைக்காதுன்னு சொல்லிட்டான்" என்றார் தாய்.

இதே கேள்வியோடு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தம்பி எங்களிடம் வந்தார். "மார்க் போதாது தம்பி, வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் இப்போது ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார். நாங்கள் சொன்னது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அரசுப் பள்ளியில் படித்தவரா, அவருடைய அத்தாவுக்கு இ.எஸ்.ஐ. உண்டா, சாதிச் சான்று கையில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தவறு இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

எந்த மார்க் கணக்கில் வரும்?

அமெரிக்காவில் இருப்பவர் சொன்னது அந்த ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலும் ஒரு டிகிரி முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். அதனால் காலேஜ் மார்க்கை அங்கே முக்கியமாகப் பார்க்கிறார்கள். இங்கே எம்.பி.பி.எஸ். பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் படிப்பு. பி.எஸ்சி.யில் 54 எடுத்தாலும் 84 எடுத்தாலும் ரேங்க் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பிளஸ் டூ மார்க் பற்றிய பயமும் பழைய காலத்துடையது. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கணக்கிட்டு, அந்த கட்-ஆஃபை வைத்தே இடம் கொடுத்தார்கள். அரை மார்க்கில் இடம் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 2017 முதல் நீட் மார்க்தான் ரேங்க். பிளஸ் டூ தகுதிக்கு மட்டுமே. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கிலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும். முதல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதமும், நம் பிள்ளைகள் வரும் பிற்படுத்தப்பட்ட பிரிவுக்கு 40 சதவீதமும் போதும்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களும் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

வயது போய்விட்டதா?

17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. முன்பு 25 வயது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று மேல் வரம்பு வைத்திருந்தார்கள். 2022-ல் அது எடுக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

2022 ஜனவரியில் சென்னையில் நடந்த கவுன்சலிங்குக்கு தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். நீட் எழுதி, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தார். இளம் பிள்ளை ஒருவருக்கு அந்த இடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். சட்டம் அவரைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 22 வயதுப் பெண்ணுக்கு வயது போய்விட்டது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்குத் திறந்துள்ள மூன்று வாசல்கள்

ஒன்று, பி.சி. முஸ்லிம் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் 3.5 சதவீதம் 2007 முதல் நமக்குத் தனியாக உண்டு. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, மாப்பிள்ளா, தூதேகுலா, அன்சார், ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கும் இது பொருந்தும். மார்க் நன்றாக இருந்தால் பொதுப் போட்டியிலேயே இடம் கிடைக்கும். அது இந்த 3.5-ல் கழியாது.

இரண்டு, அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-ல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எந்த வருடம் பிளஸ் டூ முடித்தார் என்பது தடையில்லை. இதில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மூன்றாவது வாசல் நம் பகுதியில் பலருக்குத் தெரியாதது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் ஆட்களில் பெரும்பாலோருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. அந்த கார்டை நாம் மருந்து வாங்க மட்டும் பயன்படுத்துகிறோம். ஆனால் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன. சென்னை கே.கே. நகரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஹைதராபாத், பெங்களூரு, கலபுரகி, ஃபரிதாபாத் ஆகிய ஊர்களிலும் இருக்கின்றன. அகில இந்திய கவுன்சலிங் வழியாக இந்த இடங்களை நிரப்புகிறார்கள். இதற்குத் தொழிலாளியின் பிள்ளை என்று இ.எஸ்.ஐ. தரும் சான்று வேண்டும். எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதை நீட் மனுப் போடும் முன்பே கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே தொடருங்கள்.

பேப்பரில் கோட்டை விடாதீர்கள்

மார்க் இருந்தும் பேப்பர் இல்லாமல் இடம் போவது கொடுமை. நம் வீடுகளில் பெரிய சிக்கல் பெயர்தான். ஆதாரில் முகமது, மார்க் ஷீட்டில் முஹம்மது, அத்தாவின் இ.எஸ்.ஐ. கார்டில் மொஹமத் என்று ஆங்கில எழுத்துகள் மாறி மாறி இருக்கும். இப்போதே சரி செய்யுங்கள். சாதிச் சான்றில் உங்கள் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. சான்று வேறு. மாநிலப் பட்டியலில் உள்ள பிரிவெல்லாம் மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 7.5 ஒதுக்கீட்டுக்கு, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும்.

பாஸ் வேறு, சீட் வேறு

ஆசை காட்டுவது எங்கள் நோக்கமில்லை. 2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். அதில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய 1.2 லட்சம்தான். நீட் பாஸ் என்றதும் இனிப்பு கொடுத்துவிட்டு, பிறகு கவுன்சலிங்கில் அழுத வீடுகள் உண்டு. போன வருடம் பி.சி. முஸ்லிம் பிரிவில் கடைசி இடம் எந்த மார்க்கில் முடிந்தது என்று தேர்வுக் குழுவின் பட்டியலில் பாருங்கள். அதுதான் உங்கள் இலக்கு.

தேர்வில் 180 கேள்விகள், 720 மார்க், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4 மார்க், தவறான விடைக்கு 1 மார்க் கழியும். பாதி மார்க், அதாவது 360, உயிரியலுக்கு. விலங்கியல் படித்தவருக்கு இது ஒரு பலம். இயற்பியல்தான் பெரும்பாலும் காலை வாரும். தமிழிலும் தேர்வு எழுதலாம். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

முயற்சிக்கு ஒரு கெடுவும் வையுங்கள். ஒரு வருடமா, இரண்டா என்று பெற்றோரும் பிள்ளையும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை கல்யாணப் பேச்சை எடுத்து அந்தப் பெண்ணைக் கலைக்காதீர்கள். கெடு முடிந்தும் கிடைக்காவிட்டால் லேப், ரேடியாலஜி, நர்சிங் என்று மருத்துவமனையில் வேறு மரியாதையான வேலைகளும் இருக்கின்றன. நீட் மார்க் ஓரளவு இருந்தால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியையும் பாருங்கள். அங்கே உருது, அரபு அறிவு உதவும். மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

நகையை விற்கும் முன்

வெளிநாட்டில் சீட் வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் வந்தால் நிதானியுங்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தகுதி பெற்றே ஆக வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யத் தகுதி தரும் படிப்பாகவும் அது இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு தேர்வு எழுத வேண்டும். 300-க்கு 150 எடுத்தால் பாஸ். 2023, 2024 வருடங்களில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தேறினார்கள். இதையெல்லாம் எழுத்தில் காட்டாத புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்று வந்த பெண்ணின் அத்தாவுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அவரும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறார். இப்போது சான்றுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். சீட் கிடைக்குமா என்பது அவருடைய உழைப்பிலும் அல்லாஹ்வின் நாட்டத்திலும் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த தம்பி இதைப் படித்தால், ஷிப்டு இல்லாத நாளில் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். அன்று கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளையும் கேட்கிறோம். வயது இன்னும் போய்விடவில்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்